ரோபோவுக்கு மோகனம் போதும்

போட்டிக்காகச் சைலபோன் வாசிக்கும் ரோபோ செய்கிறோம். சர்வோ மோட்டார் அடித்தால் ‘டொக்’ என்று நாதம் அடங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?
— பிளஸ் ஒன் மாணவி, கரூர்

குச்சி அடித்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது, அதுதான் கோளாறு. சர்வோவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஸ்பிரிங் வைத்த 12 வோல்ட் சாலினாய்டு வாங்குங்கள். 20 மில்லி செகண்டில் தொடங்கி, நாதம் தெளியும்வரை மின்சாரம் பாயும் நேரத்தைக் கூட்டிக் குறையுங்கள். அடித்ததும் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும்.

ஆர்டுயினோ பின்னில் நேராக மாட்டிவிடாதீர்கள். அது தாங்குவது சுமார் 20 மில்லி ஆம்பியர். சாலினாய்டு கேட்பதோ பல மடங்கு. நடுவில் லாஜிக் லெவல் மாஸ்ஃபெட், சாலினாய்டுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு, தனி பவர் சப்ளை. கிரவுண்ட் மட்டும் பொது.

எட்டு சுரத்துக்கும் எட்டு சாலினாய்டு வாங்கக் காசு இடிக்கிறதா? சி, டி, இ, ஜி, ஏ, மேல் சி என்று ஆறு போதும். சி-யை ஸட்ஜமாக வைத்தால் அது மோகனம். நடுவர்களில் ஒருவராவது தாளம் போட ஆரம்பித்துவிடுவார்!