கண்ணாடியில் தீட்டிய கருணை

கேள்வி: விக்டோரியா ஸ்திரீட் சைம்ஸ் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகள் மனதைக் கவர்ந்தன. ஏழைகளுக்கு உதவும் காட்சிகளைத் தீட்டிய பழங்காலக் கண்ணாடி எங்காவது உண்டா?
– வாசகி, சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்

பதில்: உண்டு, அம்மா. இங்கிலாந்தின் யார்க் நகரில், ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தில். 1410 வாக்கில் செய்தது. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரம் சொல்லும் ஆறு அறங்களும் அதில் இருக்கின்றன: பசித்தவருக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியருக்கு இடம், ஆடையற்றவருக்கு உடை, நோயாளியையும் கைதியையும் போய்ப் பார்ப்பது. ஆறிலும் வருபவர் தாடி வைத்த ஒரே செல்வந்தர்தான். கைதிகளின் கால்களில் தொழுமரம் பூட்டியிருக்கும். அங்கேயும் அவர் வந்து நிற்பார். காசு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல் தானே போகிறார் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அக்காலக் கண்ணாடிகளில் மின்னும் மஞ்சள், வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சூளையில் சுட்டு வரவழைத்த நிறம்.

நீங்கள் பார்த்த சைம்ஸ் கண்ணாடிகள் பெல்ஜியத்தின் புரூஜ் நகரிலிருந்து வந்தவை. தேவாலயம் 1904இல் எழுந்தது. அடுத்த முறை போனால், பிராஸ் பாசா ரோடு முனையில் உள்ள சிறிய வாசலையும் அவசியம் பாருங்கள். வளர்க்க வழியற்றவர்கள் ஒரு காலத்தில் பச்சிளம் குழந்தைகளை அங்கேதான் விட்டுச் சென்றார்கள். அந்த வளாகத்தில் அப்போது இருந்த கன்னிமடத்துச் சகோதரிகள் அக்குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள்.