மெதுவாகப் பறந்த டகோட்டா

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. என் ஏட்டில் இருந்ததும் அத்தகைய சுரைக்காய்தான் என்பதை 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் சென்னை மெரினா கடற்கரையில் உணர்ந்தேன்.

இந்திய விமானப் படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டி அன்று அங்கே வான் சாகச நிகழ்ச்சி நடைபெற்றது. பாகூரிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி அப்பாவுடன் சென்றிருந்தேன். ரபேல், சுகோய் முதலிய ஜெட் விமானங்கள் இடியென முழங்கின. ஓசை வந்த திக்கில் அண்ணாந்து பார்ப்பதற்குள் விமானம் வெகுதூரம் போயிருக்கும். டகோட்டா என்னும் பழைய விமானமோ இரண்டு விசிறிகள் சுழல, நீண்ட இறக்கைகளை விரித்து நிதானமாகக் கடந்து சென்றது.

அப்பா கேட்டார்: "ஏம்பா, இது இவ்ளோ மெதுவா போவுதே, கீழ வுழுந்துடாதா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உயர்த்து விசைக்கான வாய்பாட்டை எழுதித் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவன். ஆயினும் "வுழாதுப்பா" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. அப்பாவும் மேற்கொண்டு கேட்கவில்லை. அதுவே என்னை உறுத்தியது. அன்றைய கடும் வெயிலில், வந்திருந்தோருள் ஐவர் உயிரிழந்தனர் என்ற செய்தியும் பிறகு வந்து மனத்தைக் கலக்கியது.

டகோட்டாவின் வரலாறு

இவ்விமானத்தைச் செய்தது அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம்; டகோட்டா என்று பெயரிட்டது பிரிட்டிஷ் விமானப் படை. நாங்கள் கண்ட விமானமும் முதலில் பிரிட்டிஷ் படையில் பணியாற்றியதே. திரு. ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கி, பிரிட்டனில் செப்பனிட்டு, 2018இல் நம் விமானப் படைக்கு அளித்தார். அவர் தந்தையார் டகோட்டா விமானியாக இருந்தவர். விமானத்திற்குப் 'பரசுராமா' என்று பெயர், எண் வி.பி. 905. 1947 அக்டோபர் 27ஆம் நாள் நம் வீரர்களை ஸ்ரீநகருக்கு ஏற்றிச் சென்ற டகோட்டாவின் நினைவாக அந்த எண் இடப்பட்டது.

விழாததன் காரணம்

ஊர் திரும்பியபின் கணக்கிட்டுப் பார்த்தேன். உயர்த்து விசை இறக்கையின் பரப்பைப் பொறுத்தது. வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. டகோட்டாவின் இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 92 சதுர மீட்டர். பாரத்துடன் அதன் எடை சுமார் 12 டன். ஆகவே ஒரு சதுர மீட்டர் தாங்குவது சுமார் 130 கிலோ. ரபேலின் பரப்போ சுமார் 46 சதுர மீட்டர்தான். முழுச் சுமையுடன் எடை 24.5 டன். அங்கே ஒரு சதுர மீட்டர் சுமார் 530 கிலோ தாங்க வேண்டும். சுமை 4 மடங்கு. எனவே இறக்கையின் சாய்வு முதலியன ஒன்றாக இருப்பின் வேகம் 2 மடங்கு தேவை.

1933 ஏப்ரல் 1ஆம் நாள் கராச்சியில் நம் முதல் விமானப் படைப் பிரிவு தொடங்கியபோது இருந்தவை, பிரிட்டனில் செய்த நான்கு வாபிட்டி விமானங்கள். அவற்றுக்கு மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள். அக்கால எஞ்சின்கள் வலுக் குறைந்தவை. வேகத்தால் பெற இயலாததைப் பரப்பால் பெற்றனர்.

முறம் தந்த விளக்கம்

மறுவாரம் களத்தில் அப்பாவிடம் சொன்னேன்: "காத்தடிக்கறப்போ முறத்தைச் சாய்ச்சுப் புடிச்சா கையை மேல தூக்குதுல்ல? சின்னத் தட்டா இருந்தா, அதே அளவு தூக்கறதுக்குக் காத்து இன்னும் பலமா அடிக்கணும்."

அப்பா சற்று யோசித்தார். "அப்போ அகலமா இருக்கறது மெதுவா போவலாம், குறுகலா இருக்கறது ஓடித்தான் ஆவணும்னு சொல்லு" என்றார்.

நான் இரு பக்கத்தில் எழுதியதை அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

மாணவ நண்பர்களே! தேர்வுத்தாளில் விடை எழுதிவிட்டால் பாடம் முடிந்துவிடாது. நம் வீட்டார் கேட்கும் கேள்விக்கு அவர்களுக்குப் புரியும் சொல்லில் விடை கூற முடிந்தால்தான் நாம் கற்றவர்கள். பழைய விமானங்களைக் காத்துப் பறக்க விடுவதன் பயனும் இதுவே எனக் கருதுகிறேன். பார்ப்பவர் கேள்வி கேட்க அவை அவகாசம் தருகின்றன.