தனித்தனியே பச்சை, சேர்ந்தால் சிவப்பு

கேள்வி: எங்கள் குழுவில் 12 பேர். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆன பிறகுதான் எந்தப் புல் ரெக்வெஸ்ட்டையும் மெர்ஜ் செய்கிறோம். அப்படியும் மெயின் பிராஞ்ச் அடிக்கடி உடைகிறது. மெர்ஜ் கியூ வைத்தால் தீருமா? ஒருமுறை டெஸ்ட் ஓடவே 20 நிமிடம் ஆகிறது; வரிசையில் வேறு நிற்க வேண்டுமா?

பதில்: டெஸ்ட் மீது பழி போடாதீர்கள். அது ஓடியபோது இருந்த மெயின் வேறு, நீங்கள் மெர்ஜ் செய்தபோது இருந்த மெயின் வேறு. ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார். இன்னொருவர் வேறொரு கோப்பில் அதைப் பழைய பெயரிலேயே புதிதாக அழைக்கிறார். ஒரே வரியை இருவரும் தொடாததால் கிட் கான்ஃப்ளிக்ட் காட்டாது. தனித்தனியே இரண்டும் பச்சை. சேர்ந்தால் கம்பைல்கூட ஆகாது.

மெர்ஜ் கியூ இந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது. முன்னால் நிற்கும் மாற்றங்களோடு உங்களுடையதையும் சேர்த்துத் தற்காலிக பிராஞ்ச் போட்டு, டெஸ்ட் ஓட்டி, பாஸ் ஆனால் மட்டுமே மெயினை நகர்த்தும். ரஸ்ட் மொழிக்காக கிரேடன் ஹோர் 2013இல் எழுதிய பார்ஸ் என்ற பாட் செய்ததும் இதுதான். கிட்ஹப் தன் சொந்த மெர்ஜ் கியூவைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட 2023 ஆகிவிட்டது!

தாமதம் பற்றி: ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாலும் 8 மணி நேரத்தில் 24 மெர்ஜ் முடியும். 12 பேருக்கு அது தாராளம் என்பேன். போதாவிட்டால் ஓபன்ஸ்டாக் திட்டத்தில் பிறந்த ஜூல் என்ற கருவி காட்டிய வழி இருக்கிறது: முதல் மாற்றம் பாஸ் ஆகிவிடும் என்று நம்பி, அதன் மேல் இரண்டாவதை, இரண்டின் மேல் மூன்றாவதை ஒரே நேரத்தில் சோதிப்பது. முதலாவது தவறினால் அதைக் கழற்றிவிட்டுப் பின்னால் உள்ளவை மறுபடி ஓடும். மெஷின் செலவு கூடும். இன்னொரு வழியும் உண்டு: ரஸ்ட் குழுவினர் சின்னச் சின்ன மாற்றங்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே சோதனையில் முடிக்கிறார்கள். கட்டு தவறினால் எது காரணம் என்று தேட வேண்டும்.

எனக்குப் பயம் வேறொன்றில். காரணமே இல்லாமல் சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில் ஆகும் டெஸ்ட் உங்களிடம் நிச்சயம் இருக்கும். இதுவரை ரீ-ரன் அழுத்திச் சமாளித்திருப்பீர்கள். கியூவில் அப்படி ஒன்று தவறினால், நல்ல மாற்றமும் வெளியே தள்ளப்படும், பின்னால் நிற்பவர்களின் சோதனையும் வீணாகும். முதலில் அவற்றைத் திருத்துங்கள், முடியாதவற்றை மெர்ஜுக்குக் கட்டாயமான டெஸ்ட்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கிட்ஹப்பின் மெர்ஜ் கியூவோடு கிட்ஹப் ஆக்ஷன்ஸ் பயன்படுத்தினால், ஒர்க்ஃப்ளோ கோப்பில் மெர்ஜ் குரூப் என்ற ட்ரிக்கரையும் சேர்க்க வேண்டும். புல் ரெக்வெஸ்ட் ட்ரிக்கர் மட்டும் இருந்தால் கியூவில் டெஸ்ட் தொடங்கவே தொடங்காது. எதுவும் மெர்ஜ் ஆகாது.