சிறு பொருளிற் சலனப் படம்

சலனப் படம் எடுத்தல் செல்வர்க்கே உரிய கலை என்னும் எண்ணம் நம் மாணவரிடைப் பரவியிருக்கின்றது. கடன்பட்டு விலையுயர்ந்த காமிரா வாங்கி, ஒரு படத்தையும் முடியாது வருந்தினாரும் உளர். அவ்வெண்ணம் பிழையென்பதையும், உள்ள சிறு பொருளை எம்முறையிற் செலவிடல் வேண்டும் என்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

முதலாவது காமிரா. தொடங்குவார்க்குக் கையிலுள்ள கைப்பேசியே போதும். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த 'டேஞ்சரின்' என்னும் அமெரிக்கப் படத்தை ஷான் பேக்கர், சிறு வில்லையொன்று பொருத்திய ஐபோன் 5எஸ் கொண்டு எடுத்தார். ஆயினும் கை நடுங்கின் காட்சியும் நடுங்கும். ஆதலின் ஒரு முக்காலி வேண்டும். அஃதில்லையேல் அடுக்கிய புத்தகங்களின்மேற் கைப்பேசியைச் சார்த்தி வைத்தல் தகும். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுடையது. எனவே விளக்கொளியில் எடுக்குங்கால் நொடிக்கு 25 படமும், ஷட்டர் 1/50 நொடியுமாக அமைப்பின் விளக்கின் மினுக்கம் புலப்படாது.

இரண்டாவது ஒளி. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்திற்காகக் காசி வீட்டு முற்றமொன்றை ஸ்டூடியோவினுள் அமைத்தனர். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா விளக்கொளியை நேரே வீசாது, வெண்துணியிற் பட்டுத் திரும்புமாறு செய்து, வானொளியின் மென்மையைப் பெற்றார். நாமும் ஒருவரைச் சன்னலருகே அமர்த்தி, மறுபுறம் வெள்ளை வேட்டியொன்றை விரித்துப் பிடிப்பின், முகத்து நிழல் தணியும்.

மூன்றாவது ஒலி. தொடங்குவோர் பெரிதும் இடறுவது இங்கேதான். காட்சியின் குறையைப் பொறுப்பவரும் பேச்சு விளங்காவிடின் பொறார். திறந்த வெளியில் தூரம் இரு மடங்காயின் ஒலியின் வலிமை நாலில் ஒன்றாகக் குறையும். ஆதலால் வாங்கத்தக்க பொருள்களுள் முதலாவது, சட்டையிற் செருகும் சிறு மைக்கேயாம். அதற்கும் வழியில்லையேல் மற்றொரு கைப்பேசியைப் பேசுவோரின் சட்டைப்பையில் வைத்து ஒலியைப் பதிக. தொடக்கத்திற் காமிராவின்முன் ஒருமுறை கைதட்டுக. தொகுக்குங்கால் தட்டொலியையும் கைகள் சேரும் காட்சியையும் பொருத்தின், ஒலியும் படமும் இயைந்து நிற்கும்.

நான்காவது தொகுப்பு. கேடன்லைவ், ஷாட்கட் என்னும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பன. டாவின்சி ரிசால்வும் விலையில்லா வடிவுடையது. ஆயின் அதற்கு வலிய கணினி வேண்டும். பழைய கணினியுடையார் முன்னைய இரண்டனுள் ஒன்றைக் கொள்க. அவற்றிலுள்ள பிராக்ஸி என்னும் வசதி, பெரிய பதிவுகளுக்குச் சிறு படியெடுத்து வேலையை எளிதாக்கும்.

கருவியினும் பெரிது பயிற்சியே. 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ரஷ்யாவிற் படச்சுருள் அரிதாயிற்று. அக்காலை லெவ் குலெஷோவ் தம் மாணவரைப் படச்சுருளின்றியே நடிக்கச்செய்து பயிற்றினார். காட்சிகளின் வரிசை மாறின் பொருளும் மாறும் என்பதையும் வெட்டி ஒட்டிக் காட்டினார். வறுமை அவர்க்குத் தடையாகவில்லை.

ஆகவே மாணவர்க்கு ஒரு சிறு பயிற்சி கூறி முடிக்கின்றோம். நம் கல்லூரியில் நாடோறும் மணியடிப்பவரை அணுகி, அவர் இசைவு பெற்று, ஐந்து காட்சிகளும் அவர் குரலும் கொண்டு இரண்டு நிமிடப் படமொன்று ஆக்குக. முடித்தபின் அவருக்கே முதலிற் காட்டுக. அடுத்து வாங்கவேண்டுவது யாதென்பதை அப்படத்தின் குறையே உங்களுக்கு அறிவிக்கும். அதன் பின்னரே பணப்பையைத் திறத்தல் நன்று.