இருக்கன்குடிக்கு வந்திருக்கும் இளம் மருத்துவருக்கு

அன்புள்ள தம்பி,

இருக்கன்குடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொறுப்பேற்றதையும், வலிப்பு நோயாளிகள் இத்தனை பேர் வருவார்கள் என்று எதிர்பாராததையும் எழுதியிருந்தாய். அர்ஜுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அவ்விடத்தில், மாரியம்மனை நம்பி நோயாளிகள் வந்து தங்கி வயனம் என்னும் விரதம் காப்பது தலைமுறை தலைமுறையாக நடந்துவருவதால், வைத்தியம் கைவிட்டதாக ஜனங்கள் எண்ணும் வியாதிகளெல்லாம் அந்த மணல்வெளியைத் தேடி வருவதில் வியப்பில்லை. முயலகன் என்னும் வலிப்பு நோய் பற்றிய மகளை, எந்தச் சிகிச்சையும் பலிக்காத நிலையில், கொல்லி மழவன் திருப்பாச்சிலாச்சிராமத்துச் சந்நிதியில் கொண்டுவந்து கிடத்தினான் என்றும், ஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார் என்றும் பெரிய புராணம் சொல்கிறது. அரசனுக்கே அதுதான் வழியென்றால், தீப்பெட்டி ஆபீசில் கூலிவேலை செய்யும் ஒரு தாய் கோயில் வாசலில் பிள்ளையோடு படுத்திருப்பதை மூடநம்பிக்கை என்று ஏச நமக்கு என்ன உரிமை? நம்முடைய மாத்திரை நாள் தவறாமல் அவள் கைக்குக் கிடைக்கும்படி செய்த பிறகல்லவா அந்தப் பேச்சை எடுக்க வேண்டும்! விரதத்தன்றும் இரண்டு வாய்த் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கலாம், அதனால் அம்மனுக்குக் குறை ஒன்றும் வராது என்று பூசாரியின் வாயாலேயே சொல்லவைப்பாயானால், உன் உபதேசம் பத்தைவிட அது பெரிது.

மூளையின் நரம்பணுக்களில் ஒரு கூட்டம் கட்டுமீறி ஒரே சமயத்தில் மின்விசையைப் பாய்ச்சுவதால் நேர்வது வலிப்பு என்பதை நீ படித்திருக்கிறாய். படிப்பில் போதிய அழுத்தத்தோடு சொல்லாதது ஒன்று உண்டு: உன் முன்னால் உட்காரும்போது நோயாளி நலமாகவே இருப்பார், வலிப்பு வந்த வேளையிலோ அவருக்குப் பெரும்பாலும் பிரக்ஞையே இல்லை, ஆகையால் நோயின் நிர்ணயம் முழுவதும் அருகில் நின்று பார்த்தவருடைய நாவில் இருக்கிறது. ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதரிடத்தில் முதன்முதலாகப் பதிவு செய்த மூளை மின்வரைபடம் அரிய கருவிதான். என்றாலும் வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த வரைபடம் குற்றமற்றுத் தோன்றுவதால் மட்டும் நோய் இல்லையென்று ஆகிவிடாது. கண்ணால் கண்டவரை அழைத்துவரச் சொல். அவர் கைபேசியில் பிடித்த படமிருந்தால் அதையும் கேட்டு வாங்கிப் பார்.

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்று, கோயில் திருவிழாவில், இந்தப் பாடம் உனக்குப் பிரத்தியட்சமாக விளங்கும். மேளம் ஓங்கி அதிர, அக்கினிச் சட்டிகள் நகர, வெயிலும் நெரிசலுமாயிருக்கும் அக்கூட்டத்தில் விழுகிறவர்கள் மூன்று வகையினர். கண் இருண்டு, முகம் வெளுத்து, வியர்த்துத் துவண்டு விழுந்து, சில நொடி கைகால் வெட்டினாலும் படுக்கவைத்ததும் தெளிகிறவருக்கு வந்தது வெறும் மயக்கம். விறைத்து ஓலமிட்டு, திறந்த விழி மேலே செருகி, கைகால் அடித்துக்கொண்டு, நாவின் ஓரம் கடிபட்டு, சிறுநீர் பிரிந்து, எழுந்த பிறகும் நெடுநேரம் தாயைக்கூட அடையாளம் தெரியாமல் விழிக்கிறவருக்கு வந்ததே வலிப்பு. மேளத்தின் தாளத்துக்கு இசைய ஆடி, கேட்டதற்குக் குறி சொல்லி, திருநீறு பூசியதும் மலையேறுகிறது சாமி. அது நம்முடைய துறையன்று, அதற்குச் சீட்டு எழுதாதே. ஆனால் நெடுந்தூரம் பாதயாத்திரையாக நடந்து, இரவெல்லாம் உறக்கம் கெட்டு, உணவும் மாத்திரையும் தவறி வருகிற பழைய நோயாளிக்கு அங்கே வலிப்பு வருவதைத் தெய்வ குற்றம் என்று சொல்ல விடாதே. உறக்கக்கேடு ஒன்றே போதும் அதை வரவழைக்க.

குழந்தைகளிடத்தில் இந்நோய் வேறு வேஷம் போடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை காய்ச்சலில் வரும் வலிப்பு பெரும்பாலும் வந்து போய்விடுவது. பெற்றோர் பதறுகிற அளவுக்கு நீ பதறாதே, காய்ச்சலின் காரணத்தை மட்டும் தேடு. வகுப்பில் பராக்குப் பார்க்கிறான் என்று வாத்தியார் அடிக்கும் பையனை, மூன்று நிமிஷம் வேகமாக மூச்சு இழுத்துவிடச் சொல். பார்வை நிலைகுத்தி, சொல் பாதியில் நின்று, சில நொடியில் ஒன்றும் அறியாதவனாகத் தொடர்வானானால், அடிபட்டது அவன் குற்றத்தால் அன்று. காலையில் காப்பி டம்ளரைக் கை உதறிக் கீழே போடும் பருவப் பெண்ணையும் அதே கண்ணோடு பார். இவ்விரு வகையிலும் கார்பமசெபின் கொடுத்தால் நோய் முற்றுமே அன்றித் தணியாது. பருவப் பெண்ணுக்கு வால்புரோயேட் எழுதுமுன் பின்னால் வரும் கர்ப்பத்தை நினைத்துக்கொள். சிசுவின் அங்கத்தையும் அறிவையும் அது பாதிக்கக்கூடும்.

பெரியவர்களுக்குப் புதிதாக வலிப்பு வந்தால் நாடாப்புழுவை மறவாதே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரின் ஆராய்ச்சிகள், நம் நாட்டு வலிப்பில் எவ்வளவு பெரிய பங்கு அப்புழுவின் முட்டையால் விளைவது என்பதைக் காட்டியிருக்கின்றன. பன்றியிறைச்சியைக் கனவிலும் தொடாத சைவருக்கும், மலம் கலந்த நீராலும் சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறியாலும் அது வந்துவிடும்.

மருந்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பினோபார்பிடோன் 1912 முதலும் பெனிடாயின் 1938 முதலும் வலிப்புக்கு வழங்குகின்றன, விலையும் சொற்பம். இவ்விரண்டைக் கொண்டே கிராமத்தில் நோயைக் கட்டுக்குள் வைக்கலாம் என்பதை டாக்டர் கே. எஸ். மணியும் தோழர்களும் கர்நாடகத்து யளந்தூர்ப் பகுதியில் நடத்தி, 2001இல் வெளியிட்ட ஆய்வு மெய்ப்பித்தது. தக்க சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கெடுப்பது மருந்தன்று, இடையில் நிறுத்துவது. குணமாகிவிட்டது என்று அவர்களாகவே சட்டென்று நிறுத்தும்போதுதான் விடாத வலிப்பு வந்து உயிரைக் கேட்கிறது. இரண்டாண்டேனும் ஒருமுறையும் வராதிருந்த பின்பே குறைப்பதைப் பற்றி யோசிக்கவேண்டும். அதையும் மெல்ல மெல்லத்தான்.

பட்டாசுத் தொழிலாளி தகுதிச் சான்று கேட்டு வருவார். வெடிமருந்துக் கலவை அறையில் ஒருவர் வலித்து விழுந்தால் ஆபத்து அவரோடு நிற்காது. ஆகவே அவ்வறை கூடாதென்று கண்டிப்பாக எழுது. வெறுமனே தகுதியில்லை என்று மட்டும் எழுதி அனுப்பாதே. அப்படி எழுதினால் அடுத்த ஆலையில் நோயை மறைத்துச் சேர்வார், அது இன்னும் கேடு. பெட்டி ஒட்டலாம், லேபிள் ஒட்டலாம், சிவகாசி அச்சகங்களில் காகிதம் அடுக்கும் வேலை பார்க்கலாம் என்று குறித்துக்கொடு. கல்யாணப் பேச்சில் இந்நோயை மறைக்கும் பெற்றோரும் வருவார்கள். வலிப்பை இந்துத் திருமணச் சட்டத்தின் தடைகளிலிருந்து 1999இல் நீக்கிவிட்டார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்; ஆயினும் மறைக்கச் சொல்லாதே. மறைத்தவள் புகுந்த வீட்டில் மாத்திரையையும் மறைத்தே விழுங்க வேண்டியிருக்கும், ஒருநாள் விழுங்காமலும் இருந்துவிடுவாள்.

இவ்வாண்டு ஆடித் திருவிழாவுக்கு முன்பே, தொண்டர்களையும் கடைக்காரர்களையும் கூட்டிவைத்து இதைச் சொல்லிவிடு: விழுந்தவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்காமல், பற்களுக்கிடையே கரண்டி எதையும் செருகாமல், வாயில் நீர் ஊற்றாமல், கூட்டத்தை விலக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்கட்டும், ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் 108ஐ அழைக்கட்டும். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற ஆண்டாயிருந்தால், பழைய நோயாளிகளைத் துணையில்லாமல் குளிக்க விடாதே. மூக்கில் தெளிக்கும் மிடாசோலம் இருப்பில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, இல்லையென்றால் விருதுநகருக்குக் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் மூத்த தோழன்