கடையிலேயே பழகட்டும்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. மிகக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு, பேச்சும் இல்லை. பள்ளியில் கடைக்குப் போகப் பழக்குகிறார்கள். காசு எண்ணத் தெரியாதவனுக்கு இது எதற்கு?

பதில்: எண்ணத் தெரியட்டும் என்று காத்திருந்தால் அவன் கடைப்படி ஏறவே மாட்டான் அம்மா. அமெரிக்காவின் விஸ்கான்சினில் சிறப்புக் கல்விப் பேராசிரியர் லூ பிரவுன் குழுவினர் 1970களிலேயே வற்புறுத்தியது இதைத்தான்: வகுப்பறையில் விளையாட்டுக் காசோடு பழகியது கடையில் கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள், கடையிலேயே பழக்குங்கள். முழுதும் முடியாவிட்டால் முடிந்த பங்கைச் செய்யட்டும்.

சரியான தொகையை நீங்களே பர்ஸில் போட்டுக் கொடுங்கள். பால் பாக்கெட் படத்தை அவன் நீட்டட்டும். முழங்கையை லேசாகத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். கை நீள நேரமாகும். அந்த நேரத்தைத் தயவுசெய்து பறித்துவிடாதீர்கள். கூட்டமில்லாத வேளையில், தினமும் ஒரே கடைக்குப் போங்கள். கடைக்காரரிடமும் சொல்லிவையுங்கள், அவனைப் பார்த்தே பேச வேண்டும் என்று.