ஆண்மலடும் விந்து நீர்ப் புரதங்களும்

குழந்தை இல்லை என்றதும் மனைவியை மட்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் மறையவில்லை. மகப்பேறற்ற தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கணவரின் குறைபாடும் ஒரு காரணமாக அமைகிறது. கணவரைச் சோதித்தாலும், விந்தணுக்களின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகியவற்றோடு சோதனை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள் என்பதைக் கீழ்வரம்பாகக் குறிக்கிறது. அதற்கு மேலிருந்தும் தந்தையாகாதோர் உளர்.

விந்து நீரில் விந்தணுக்களின் பங்கு சுமார் 5 விழுக்காட்டுக்கு மேற்படாது. எஞ்சியதன் பெரும்பகுதியை விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கின்றன. இத்திரவத்திலுள்ள புரதங்கள் பலவற்றின் மீது, அவை உயிரணுவினுள் உருவாகும்போதே, சர்க்கரைத் தொடர்கள் பிணைக்கப்படுகின்றன. இதனைக் கிளைக்கோசிலேற்றம் என்பர். புரதத்தின் வரிசையை மரபணு நேரடியாக வகுக்கிறது. சர்க்கரைத் தொடருக்கு அத்தகைய அச்சு கிடையாது. நொதிகள் பல கூடி அதனைக் கட்டுகின்றன. ஆகவே ஒரே புரதம் உறுப்புக்கு உறுப்பு வெவ்வேறு சர்க்கரைகளை ஏற்கிறது.

கிளைக்கோடெலின் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கருப்பையின் உட்சுவர் சுரக்கும் கிளைக்கோடெலின்-ஏ, கருமுட்டையின் உறையோடு விந்தணு இணைவதைத் தடுக்கிறது. விந்து நீரிலுள்ள கிளைக்கோடெலின்-எஸ் அவ்வாறு தடுப்பதில்லை. விந்தணு காலத்துக்கு முன்பே கருவுறுத்தும் நிலையை அடைந்து வீணாகாமல் காக்கிறது. இரண்டிலும் புரதம் ஒன்றே, சர்க்கரைகளே வேறு!

மற்றொன்று பீட்டா டிபென்சின் 126. எபிடிடிமிசில் சுரந்து விந்தணுவின் மேல் படியும் இப்புரதம் சயாலிக் அமிலம் மிகுந்த சர்க்கரைத் தொடர்களை உடையது. கருப்பை வாய்ச் சளியினூடே விந்தணு செல்வதற்கு இப்பூச்சு துணைபுரிகிறது. இதன் மரபணுவின் இரு பிரதிகளிலும் 2 நியூக்ளியோடைடுகள் விடுபட்டிருந்தால் பூச்சு குன்றுகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, சீனத் தம்பதியரிடம் இதனை ஆராய்ந்தது. அத்தகைய ஆடவரின் மனைவியர் கருவுறக் கூடுதல் காலம் பிடித்தது, பிறப்புகளும் குறைந்தன. ஆயினும் அவ்வாடவரின் விந்தணுக்கள் எண்ணிக்கையிலும் அசைவிலும் குறையற்றவையாகவே காணப்பட்டன.

சர்க்கரைத் தொடர்களை ஆராயும் முறைகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவிலேயே உள்ளன. சாதாரண விந்துச் சோதனைக்கோ நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற பணியாளரும் போதும். மனைவியின் வயிற்றில் துளையிட்டுச் சோதிப்பதற்கு முன்னரே இதனைச் செய்துவிடலாம். 2 முதல் 7 நாட்கள் உடலுறவைத் தவிர்த்த பின் மாதிரி தரவேண்டும். ஆனால் அறிக்கையில் குறையில்லை என்பதனாலேயே பழியை மனைவி மீது சுமத்துவதற்கு அறிவியலில் இடமில்லை.